வாங்கிய படகை ஏரியில் இறக்கும் முன்: சாவியைக் கடைசியில் தொடுங்கள்

ஒன்டாரியோவில் பழைய படகு வாங்குகிறவர்களில் பலர் அதை இலையுதிர் காலத்திலோ குளிர்காலத்திலோ வாங்குகிறார்கள். இன்னொரு குளிர்காலம் வைத்துக் காக்க விற்பவருக்கு மனமில்லை, விலை குறைகிறது. ஆனால் படகைத் தண்ணீரில் ஓட்டிப் பார்க்க வழியில்லை. ஏப்ரலில் பனி கரைந்ததும், வாங்கியவர் உறையை விலக்கி நேராகச் சாவியைத் திருகுகிறார். புதியவர்களின் செலவுகளில் பெரும்பகுதி அந்த ஒரு திருகலில் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வழிகாட்டி 17 முதல் 19 அடி நீளமுள்ள, டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் பொழுதுபோக்குப் படகுக்கானது. எஞ்சின் படகுக்குள்ளும், புரொபெல்லரைச் சுழற்றும் டிரைவ் பின்புறம் வெளியேயும் இருக்கும் ஸ்டெர்ன் டிரைவ் வகையை மனதில் வைத்து எழுதுகிறேன். மெர்குரூசர், வோல்வோ பென்டா எஞ்சின்கள் இந்த வகையில் அதிகம். உங்களுடையது எஞ்சின் முழுதும் பின்புறம் வெளியே தொங்கும் அவுட்போர்டு என்றால் 4ஆம் பகுதியையும், பெல்லோஸ் (டிரைவைப் படகோடு இணைக்கும் மடிப்பு ரப்பர்), புளோயர் (எஞ்சின் அறையின் பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் விசிறி) பற்றிய பேச்சையும் தாண்டிவிடலாம்.

வேலைகளின் வரிசை முக்கியம். கரையில் மட்டுமே சரிசெய்யக்கூடியவை முதலில், எஞ்சின் ஓடினால்தான் தெரிபவை அடுத்து, தண்ணீரில் மட்டுமே தெரிபவை கடைசியில். இன்னொன்று: விற்றவர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் "எல்லாம் செய்து வைத்திருக்கிறேன்" என்றாலும் எதையும் செய்யவில்லை என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

1. விற்றவரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

பணம் கைமாறிய பிறகும் பெரும்பாலானவர்கள் தொலைபேசியை எடுப்பார்கள். மே மாதம் வரை காத்திருந்தால் எடுக்கமாட்டார்கள். ஆகவே இப்போதே கேளுங்கள்.

குளிர்காலத்துக்கு எஞ்சினைத் தயார்செய்தது யார், ரசீது இருக்கிறதா? தண்ணீரை வடிக்க எஞ்சினிலிருந்து கழற்றிய பித்தளைப் பிளக்குகள் எங்கே? இம்பெல்லரும் (எஞ்சினுக்குத் தண்ணீர் இழுக்கும் ரப்பர்ச் சக்கரம்) பெல்லோஸும் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன? மூன்றாவது கேள்விக்கு ஆண்டைச் சொல்ல முடியாமல் "அண்மையில்தான்" என்று பதில் வந்தால், மாற்றப்படவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள். போன கோடையில் எடுத்த, எஞ்சின் உறுமும் வீடியோ ஒன்றை அனுப்புவார்கள். அது போன கோடைக்கு மட்டுமே சாட்சி.

2. காகிதங்கள்

இதை முன்னாலேயே தொடங்கக் காரணம், காகிதம் உங்கள் வேகத்தில் நகராது என்பதுதான்.

கனடாவில் இரண்டு தனித்தனி ஆவணங்கள் உண்டு. புதியவர்கள் இவற்றை ஒன்றென்று குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று படகுக்கானது: 10 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள மோட்டார் பொருத்திய பொழுதுபோக்குப் படகுக்கு உரிமம் வேண்டும், அது உங்கள் பெயருக்கு மாற வேண்டும். மற்றது ஓட்டுபவருக்கானது: மோட்டார் படகை ஓட்டும் எவரும் இயக்குநர் அட்டை வைத்திருக்க வேண்டும் என்பது 2009 முதல் எல்லோருக்கும் பொருந்துகிறது. தேர்வெழுதி ஒருமுறை பெற்றால் ஆயுளுக்கும் செல்லும். உங்கள் மனைவியோ மகனோ சுக்கானைப் பிடிப்பார்கள் என்றால் அவர்களுக்கும் அட்டை தேவை.

உரிம எண் படகின் முன்பகுதியில் இரண்டு பக்கமும், குறைந்தது 7.5 சென்டிமீட்டர் உயரத்தில், படகின் நிறத்திலிருந்து எடுப்பாகத் தெரியும் நிறத்தில் இருக்க வேண்டும். பின்பலகையின் வலது மேல்மூலையில் பொறித்திருக்கும் 12 எழுத்து எண்களை விற்பனைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிரெய்லருக்குத் தனி உரிமைச்சீட்டு உண்டு; படகைக் கொண்டாடும் மகிழ்ச்சியில் அதை வாங்க மறந்துவிட்டுப் பிறகு அலைபவர்கள் அதிகம்.

3. உறையை எடுத்த நாளில்

முதலில் மூக்கு, பிறகு கண். எஞ்சின் மூடியைத் திறந்து பெட்ரோல் வாடை வருகிறதா என்று பாருங்கள். பேட்டரி இணைக்கப்பட்டிருந்தால் உடனே கழற்றி வையுங்கள். எரிபொருள் குழாய்களைப் பார்த்து முடிக்கும்வரை படகில் எங்கும் தீப்பொறி எழ வழி இருக்கக் கூடாது.

அடுத்து எலிகள். புளோயர் குழாய், இருக்கைகளின் அடிப்பகுதி, எஞ்சினின் காற்று நுழைவாய் ஆகிய மூன்றும் அவற்றுக்குப் பிடித்த இடங்கள். கடித்த கம்பிகளை இன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு தரை. வெறுங்காலோடு படகு முழுதும் அழுத்தி நடங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் உள்ளே மரம் உளுத்திருக்கிறது. டிரைவ் பொருத்திய பின்பலகையைச் சுத்தியலின் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்ற ஒலி நல்லது. மொத்தென்று அடங்கும் ஒலி வந்தால் இந்தப் பட்டியலை மூடிவைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். உளுத்த பலகையில் தொங்கும் டிரைவைத் தண்ணீருக்குள் கொண்டுபோவது ஆபத்து, அதைச் சரிசெய்யாமல் மற்றவற்றில் பணம் போடுவதும் வீண்.

4. உறைந்து வெடித்ததா என்று பார்த்தல்

இந்த வகை எஞ்சின்களில் பெரும்பாலானவை ஏரித் தண்ணீரையே உள்ளே இழுத்துக் குளிர்கின்றன. தண்ணீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். வார்ப்பிரும்பு அந்த அழுத்தத்துக்கு ஈடுகொடுக்காது. இலையுதிர் காலத்தில் தண்ணீரை முழுவதும் வடிக்காமல் விட்டிருந்தால், ஜனவரியில் எஞ்சின் பிளாக் பிளந்திருக்கும். வெளியிலிருந்து பார்க்கும் உங்களுக்குத் தெரியாது.

ஆகவே எண்ணெய் அளவுக்கோலை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் தெளிவாக, கருப்பாகவோ பொன்னிறமாகவோ இருக்க வேண்டும். பால் கலந்த தேநீர் போல இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அந்த எஞ்சினை ஒரு நொடிகூட ஓட்டக் கூடாது. டார்ச் ஒளியில் பிளாக்கின் இரு பக்கங்களையும், புகைபோக்கி மேனிஃபோல்டின் அடிப்பகுதியையும் பாருங்கள். கோடுபோல் துரு வழிந்திருந்தால் அங்கே விரிசல் இருக்கலாம்.

பிளக் கழற்றியிருந்தால் மட்டும் பாதுகாப்பு உறுதியாகிவிடாது. பழைய எஞ்சினில் துருத்தூள் வடிதுளையை அடைத்துக்கொள்ளும். பிளக்கைக் கழற்றியவர் சொட்டு விழாததைக் கண்டு "காலியாக இருக்கிறது" என்று நினைத்துவிடுவார். ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குத்திப் பாருங்கள். பிறகு, உங்கள் எஞ்சினின் தொடர் எண்ணுக்குரிய கையேட்டைப் பார்த்து, எத்தனை பிளக்குகள், எந்தெந்த இடம் என்று எண்ணி, திருகில் அடைப்புப் பசை தடவிப் பொருத்துங்கள். கழற்றி விட்டிருக்கும் குழாய்களையும் மாட்டி இறுக்குங்கள். ஒரு பிளக் விடுபட்டால் எஞ்சின் ஏரித் தண்ணீரைப் படகுக்குள் இறைக்கும்.

5. டிரைவ்: அவசரப்படக் கூடாத இடம்

இங்கே அரை நாள் செலவழியுங்கள். கோடையில் இதே வேலைக்குப் பணிமனையில் வாரக்கணக்கில் காத்திருப்பீர்கள்.

கியர் எண்ணெய். டிரைவின் கீழே ஒரு திருகாணி, மேலே ஒரு திருகாணி. கீழேயுள்ளதைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. உள்ளே இருந்தால் முதலில் அதுவே சொட்டும். எண்ணெய் வெளிறிப் பால்நிறமாக வந்தாலும் பொருள் ஒன்றே: சீல் கசிகிறது. கீழ்த்திருகாணியின் காந்தமுனையில் மெல்லிய சாம்பல் பூச்சு இருப்பது இயல்பு, கையில் குத்தும் உலோகச் சில்லு இயல்பல்ல.

நிரப்புவதைக் கீழிருந்து மேலாகச் செய்ய வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். அளவு சரியாகத் தெரிந்தும் உள்ளே குறைவாகவே இருக்கும். கையால் இயக்கும் பம்பைக் கீழ்த்துளையில் பொருத்தி, மேல்துளையில் குமிழியில்லாமல் எண்ணெய் வழியும்வரை ஏற்றுங்கள். பம்பைக் கழற்றாமல் முதலில் மேல்திருகாணியை மூடுங்கள், அதன்பின் பம்பை எடுத்துக் கீழே அடையுங்கள். மேல்புறம் மூடியிருப்பதால் எண்ணெய் கொட்டிவிடாது, உங்களுக்கு அவகாசம் கிடைக்கும். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் கராஜ் தரை வழுக்கும். திருகாணிகளின் வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். பழையதையே திரும்பப் போடுவதால் வரும் கசிவைத்தான் பலர் சீல் கெட்டதென்று நினைக்கிறார்கள்.

பெல்லோஸ். படகின் உடலையும் டிரைவையும் இணைக்கும் மடிப்பு ரப்பர்கள் இவை. எஞ்சினின் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு உலராமல் இருப்பதும், படகு மிதந்துகொண்டிருப்பதும் இவற்றால்தான். டிரைவை முழுக்க உயர்த்தி, பிறகு இடமும் வலமும் திருப்பி, மடிப்புகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மடிப்பின் அடிக்கோட்டில் தலைமுடி அளவு வெடிப்பு தெரிந்தாலும் மாற்ற வேண்டும். "இந்தக் கோடை போகட்டும்" என்று தள்ளிப்போடக் கூடாத ஒன்று இது. பெல்லோஸ் கிழிந்தால் முதலில் உள்ளிருக்கும் பேரிங் துருப்பிடித்து ஊளையிடும், பின்னர் துறையில் கட்டியிருக்கும்போதே படகு அமிழும். புதியவர் தனியாக மாற்றும் வேலையும் இது அல்ல. டிரைவைக் கழற்றிச் சீரமைத்துப் பொருத்தக் கருவிகள் வேண்டும்.

இம்பெல்லர். தண்ணீரை இழுக்கும் ரப்பர்ச் சக்கரம். சில டிரைவுகளில் டிரைவுக்குள்ளேயே இருக்கும், சிலவற்றில் எஞ்சினின் முன்புறம். வயது தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். பழைய இம்பெல்லரில் இதழ் உடைந்திருந்தால் புதிதைப் போட்டதோடு நிறுத்தாதீர்கள். உடைந்த துண்டு மேலே எங்கோ தண்ணீர்ப் பாதையில் அடைத்துக்கொண்டிருக்கும். அதைத் தேடி எடுக்கவில்லை என்றால் புதிய இம்பெல்லரோடும் எஞ்சின் கொதிக்கும்.

ஆனோடு. டிரைவின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகக் கட்டி. பாதி கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். ஏரி நன்னீர் என்பதால் மெக்னீசியமோ அலுமினியமோ போடுங்கள். துத்தநாகம் உப்புநீருக்கானது, நன்னீரில் மேலே படலம் படிந்து வேலை செய்வதை நிறுத்திவிடும். ஆனோடின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். டிரைவை அழகுபடுத்தும் ஆர்வத்தில் அதையும் சேர்த்துக் கருப்படித்துவிடுகிறார்கள்.

கடைசியாகப் புரொபெல்லரைக் கழற்றி அதன் பின்னால் தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த நரம்பு சீலை அறுக்கும். தண்டில் கிரீஸ் தடவித் திரும்பப் பொருத்துங்கள்.

6. எரிபொருள்

எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எரிபொருள் இழுக்கும் குழாயும் அங்கேதான் இருக்கிறது. நிலைப்படுத்தும் திரவம் கலந்ததற்கு ஆதாரமில்லாத பெட்ரோலை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புவதே மலிவான வழி.

தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டரைக் கழற்றி, உள்ளிருப்பதைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிச் சிறிது நேரம் வையுங்கள். அடியில் தனிப்படலம் தெரிந்தால் தொட்டியிலும் தண்ணீர் இருக்கிறது. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவிக் கையால் இறுக்கினால் போதும்.

குழாய்களை விரலால் வளைத்துப் பாருங்கள். விறைத்தவை, பிசுபிசுப்பவை, மேல்தோல் வெடித்தவை மாற்றப்பட வேண்டும். படகுக்கென்று குறியிடப்பட்ட குழாயையே வாங்குங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கார் உதிரிபாகக் கடையில் பாதி விலைக்கு அதே உருவத்தில் கிடைக்கும். ஆனால் படகுக்கானவை வெளியே தீப்பொறி போகாதபடி அடைக்கப்பட்டவை. காரில் பெட்ரோல் ஆவி கீழே காற்றில் போய்விடும், படகின் அடிக்குழியில் தேங்கி நிற்கும்.

7. பேட்டரியும் புளோயரும்

இப்போதுதான் மின்சாரம். பேட்டரியை முழுக்க ஏற்றி, சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான். எண் சரியாக இருந்தாலும் பளு தாங்குகிறதா என்று கடையில் சோதித்துக்கொள்ளுங்கள். முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, நேர்முனையை முதலில், எதிர்முனையைப் பிறகு இணையுங்கள். பேட்டரி நகராமல் பட்டை போட்டுக் கட்டுங்கள். அலையில் துள்ளும் பேட்டரி கம்பியைப் பிய்த்துவிடும்.

அடிக்குழி பம்பின் மிதவையைக் கையால் தூக்கிப் பாருங்கள். ஓசை மட்டும் போதாது, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அது வெளியேறுவதைக் கண்ணால் பாருங்கள். புளோயரைப் போட்டு, வெளித்துளையில் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று உணருங்கள். மோட்டார் சுற்றியும், குழாய் கழன்று விழுந்திருப்பதால் காற்று வராத படகுகள் உண்டு.

8. கரையில் முதல் ஓட்டம்

டிரைவின் தண்ணீர்த் துளைகளின்மேல் இருபுறமும் ரப்பர்க் கிண்ணங்களைப் பொருத்தித் தோட்டக் குழாயை இணையுங்கள். டிரைவ் முழுக்கக் கீழே, நேராக. புரொபெல்லர் அருகே யாரும் இருக்கக் கூடாது.

வரிசை இதுதான்: தண்ணீரைத் திறத்தல், புளோயரைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிடுதல், முகர்ந்து பார்த்தல், பிறகு சாவி. தண்ணீர் இல்லாமல் சில நொடிகள் ஓடினாலே ரப்பர் இம்பெல்லர் கருகத் தொடங்கும். "சும்மா ஒரு தடவை" என்று தண்ணீரின்றி ஸ்டார்ட் செய்து பார்ப்பதே இந்த வேலையின் மிகப் பரவலான தவறு.

முதல் நிமிடங்களில் புகை அடர்த்தியாக வரும். குளிர்காலத்துக்காக சிலிண்டருக்குள் தெளித்த எண்ணெய் எரிகிறது, பயப்பட வேண்டாம். எண்ணெய் அழுத்தமுள் உடனே எழ வேண்டும். வெப்பமானி மெல்ல ஏறி ஓரிடத்தில் நிற்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் அணைத்துவிடுங்கள். எஞ்சினை உறும விடாதீர்கள். குழாய்த் தண்ணீர் மெதுவான ஓட்டத்துக்குத்தான் போதும்.

ஓடும்போது எரிபொருள் இணைப்புகளையும் பிளக்குகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டும் அவசர நிறுத்தக் கயிற்றை இழுத்துப் பாருங்கள், எஞ்சின் அந்தக் கணமே அணைய வேண்டும். எண்ணெய் சூடானதும் அதையும் ஃபில்டரையும் மாற்றுவது எளிது. இளகிய எண்ணெய் அழுக்கைச் சேர்த்து இழுத்துக்கொண்டு வெளியேறும். மாற்றிய பிறகு இன்னொரு முறை ஓட்டி, நிறம் மாறவில்லை என்று அளவுக்கோலில் உறுதிசெய்யுங்கள்.

9. டிரெய்லர்

படகைவிட டிரெய்லரால் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பவர்கள்தான் அதிகம். பலரும் அதைக் கடைசி நாள் காலையில் பார்க்கிறார்கள்.

சக்கரத்தை உயர்த்திச் சுற்றுங்கள். அரைக்கும் ஓசையோ ஆட்டமோ இருந்தால் பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் இடுங்கள். சூடான பேரிங் குளிர்ந்த ஏரிக்குள் இறங்கும்போது தண்ணீரை உள்ளே உறிஞ்சுகிறது, அதனால்தான் சாதாரண டிரெய்லரைவிட இது விரைவில் கெடும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் உண்டு: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன் வெயிலில் வெடித்துவிடும். பட்டன் ஆழம் நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மொத்த எடை 1,360 கிலோவைத் தொட்டால் ஒன்டாரியோவில் டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும். எடைபோடும் நிலையத்தில் நிறுத்திப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

10. படகில் இருக்க வேண்டியவை

6 மீட்டர் வரையிலான இத்தகைய படகுக்கு: ஒவ்வொருவருக்கும் உடலளவுக்கேற்ற, கனடாவில் ஏற்கப்பட்ட உயிர்காப்பு அங்கி, 15 மீட்டர் மிதக்கும் வீசுகயிறு, துடுப்போ நங்கூரமோ, வாளியோ கைப்பம்போ, 5பிசி தரத் தீயணைப்பான், விசில், நீர்புகாத டார்ச், இருட்டிய பின் ஓடுவதானால் விளக்குகள். தண்ணீரிலிருந்து ஏறுவதற்கு ஏணி.

விற்றவர் சேர்த்துக் கொடுத்த அங்கிகளை அப்படியே நம்ப வேண்டாம். சீட்டு கிழிந்ததோ, தைத்துச் சரிசெய்ததோ ஏற்கப்பட்டதாகக் கருதப்படாது. குழந்தைகளுக்கு "கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்" என்று வாங்கும் பள்ளிச் சீருடைப் பழக்கம் இங்கே கூடவே கூடாது. தண்ணீரில் அங்கி மேலேறி முகத்தை மூடும்.

11. இறக்கும் நாள்

மே மாத விக்டோரியா தின வார இறுதியில், சிம்கோ ஏரியில் படகை இறக்கும் சாய்தளங்களில் வரிசை நீளும். அந்தக் கூட்டத்தில் முதல் இறக்கத்தைக் கற்றுக்கொள்ளாதீர்கள். அதற்கு முந்தைய வாரத்தில், வேலைநாள் காலையில் போங்கள்.

2022 ஜனவரி முதல் ஒன்டாரியோவில் படகைச் சாலையில் இழுத்துச் செல்லும் முன் அடிப்பிளக்கை (படகின் அடியிலுள்ள வடிதுளையை மூடும் பிளக்) கழற்றித் தண்ணீரை வடித்திருக்க வேண்டும். ஏரிக்கு ஏரி வேற்று உயிரினங்கள் பரவாமலிருக்க இந்த விதி. எனவே சாய்தளத்தில் பிளக் உங்கள் கையில் இருக்கும், படகில் இருக்காது. அதை எஞ்சின் சாவியோடு கட்டி வையுங்கள். பிளக்கைப் போடாமல் சாவி விடுபடாது.

சாய்தளத்தில் ஏறும் முன், ஓரமாக நிறுத்திச் செய்ய வேண்டியவை: அடிப்பிளக், பின்புறப் பட்டைகளை அவிழ்த்தல், கயிறுகள், பொருட்களை ஏற்றுதல், புளோயர். படகை டிரெய்லரோடு இழுத்துக் கட்டியிருக்கும் முன்புற வின்ச் பட்டையையும் சங்கிலியையும் இங்கே அவிழ்க்காதீர்கள். உருளைகள் உள்ள டிரெய்லரில் படகு கான்கிரீட்டில் வழுக்கி விழும்.

பின்புறம் மிதக்கும்வரை இறக்கி நிறுத்துங்கள். இன்னும் வின்ச்சில் கட்டியிருக்கும்போதே ஒருவர் உள்ளே ஏறி அடிக்குழியைப் பார்க்கட்டும். தண்ணீர் ஏறினால் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். உலர்ந்திருந்தால் எஞ்சினை இயக்கி, ஓட்டம் நிலைத்த பிறகு பட்டையை விடுவியுங்கள். அவிழ்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யப் போய், எஞ்சின் ஓடாமல் காற்றில் மிதந்து போகிறவர்களை ஒவ்வொரு மே மாதமும் பார்க்கலாம்.

12. முதல் மணி நேரம்

மே மாதத்தில் வெயில் உறைக்கும், ஆனால் ஏரி குளிர்காலத்திலேயே இருக்கும். குளிர்நீரில் விழுந்தவருக்கான கணக்கு 1-10-1: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் பயன்படும் 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவிழக்க ஏறக்குறைய 1 மணி நேரம். அங்கி இருக்கைக்கடியில் இருந்தால் அந்த முதல் நிமிடத்தைத் தாண்டுவதே கடினம். கிளம்புவதற்கு முன்பே அணிந்திருங்கள். சோதனை ஓட்டத்துக்கு வந்தவர்கள் இரண்டு பெரியவர்களாக இருக்கட்டும், குழந்தைகள் அடுத்த முறை வரட்டும்.

கரையை விட்டுத் தொலைவு போகாமல் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி, அணைத்து, மூடியைத் திறந்து மறுபடி பாருங்கள். பிறகு பின்னியக்கம், இருபுறமும் முழுத் திருப்பம், டிரைவை ஏற்றி இறக்குதல். இவை சரியென்றால் மட்டும் வேகம் கூட்டுங்கள். வேகத்தில் வெப்பமுள் ஏறினால் தண்ணீர் போதவில்லை. எஞ்சின் சுற்று எகிறியும் படகு நகரவில்லை என்றால் புரொபெல்லரின் உள் ரப்பர் வழுக்குகிறது.

கரையேறியதும் அடிப்பிளக்கைக் கழற்றி வடிவதைப் பாருங்கள். ஒரு குவளைத் தண்ணீர் சாதாரணம், வாளிக்கணக்கில் வந்தால் பெல்லோஸுக்குத் திரும்புங்கள். டிரெய்லரிலும் டிரைவிலும் சிக்கிய செடிகளை அங்கேயே எடுத்துப் போட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சக்கர நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்த்து, கியர் எண்ணெயின் கீழ்த்திருகாணியை ஒரு முறை தளர்த்தி முதல் சொட்டின் நிறத்தைப் பாருங்கள்.